ஒழுங்கைச் சேற்றுக்கு எந்தச் சைக்கிள்?

யாங்கோன் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள தலாவில் வாழும் உறவினர் குடும்பமொன்றுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அனுப்ப எண்ணியிருக்கும் வாசகர் ஒருவர், எத்தகையதை வாங்கச் சொல்லலாம் எனக் கேட்டு எழுதியுள்ளார். அக்குடும்பம் அவருடைய மருமகளின் தாய்வழிச் சுற்றம்; தலைமுறை தலைமுறையாகப் பர்மாவில் வயல் செய்து வாழ்ந்த தமிழர்கள். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதன் பின்னர் பகோப் பகுதியில் சண்டை மூண்டபோது கிராமத்தை விட்டுப் புறப்பட்டு, தலாவின் உட்பகுதியில் ஒரு வாடகைக் குடிலில் வந்து தங்கினார்கள். மூத்த மகளுக்கு இருபது வயது. ஆற்றைக் கடந்து நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. வீட்டிலிருந்து படகுத்துறைக்கு மூன்று மைல். நடந்தால் ஒரு மணி நேரம். வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறினால் நாட்கூலியில் நல்லதொரு பங்கு போய்விடுகிறது. சென்ற மழைக்காலத்தில் இரண்டு முறை நேரம் தப்பி வேலைக்குப் போனாளாம். மூன்றாம் முறையும் அவ்வாறு நேர்ந்தால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அவளுடைய சம்பளத்தில்தான் குடிலின் வாடகையும் தம்பிமார் இருவரின் படிப்பும் நடக்கின்றன.

வாசகர் தமது எண்ணத்தையும் எழுதியிருக்கிறார். பேரனுக்கு இங்கே வாங்கிக் கொடுத்த சைக்கிளைப் போன்ற ஒன்றையே அங்கும் வாங்கச் சொல்லலாமா என்பது அவர் கேள்வி. இருபத்தொரு கியர், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் சுருள்வில், சில்லின் நடுவே தட்டுப் பிறேக், தடித்த முள் ரயர். கரடுமுரடான வழிக்கென்றே செய்யப்பட்டது என்று கடையில் சொன்னார்களாம். "விலையைப் பார்க்க வேண்டாம் மாஸ்ரர், நல்லதாய்ச் சொல்லுங்கோ" என்று மடலை முடித்திருக்கிறார்.

கேள்வி ஒரு குடும்பத்தினுடையதாயினும் மறுமொழி பலருக்கும் வேண்டியது. நம்மில் எத்தனையோ பேர் வன்னிக்கும் மன்னாருக்கும் தமிழ்நாட்டு முகாம்களுக்கும் இவ்வாறு சைக்கிள் வாங்கப் பணம் அனுப்பியவர்கள், இன்னும் அனுப்புகிறவர்கள். ஆகையால் இவ்வாரப் பத்தியை இதற்கே ஒதுக்குகிறேன்.

2018இல் யாங்கோனில் இரு வாரங்கள் தங்கியிருந்தேன். அந்நகருக்குப் புதிதாய்ச் செல்பவர் முதலில் உணர்வது ஓர் அமைதியை. ஆசிய நகரங்களில் காதைத் துளைக்கும் மோட்டார் சைக்கிள் இரைச்சல் அங்கே இல்லை. 2003ஆம் ஆண்டிலிருந்து நகர எல்லைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்குத் தடை. தடை ஏன் வந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள்; அவற்றில் எதையும் நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. முதன்மையான சில வீதிகளில் சைக்கிளுக்குங்கூட இடமில்லை. ஆற்றைக் கடந்து தலாவில் கால் வைத்ததும் நிலைமை மாறிவிடுகிறது. படகுத்துறை வாயிலிலேயே மோட்டார் சைக்கிள்காரர்களும் சைக்கா ஓட்டிகளும் நம்மைச் சூழ்ந்துகொள்கிறார்கள். சைக்கா என்பது சைக்கிளின் பக்கவாட்டில் இரண்டு ஆசனங்களை முதுகுக்கு முதுகாகப் பொருத்திய வண்டி. ஒருவர் முன்னோக்கியும் மற்றவர் பின்னோக்கியும் அமர்ந்து செல்வர். கணவன் மனைவி சச்சரவிட்டுக்கொண்டு போவதற்கு மிகவும் வசதியான ஏற்பாடு.

நகரில் பன்சோடன் தெரு முடிவிலுள்ள துறைக்கும் தலாவுக்கும் இடையே ஓடும் 'செர்ரி' என்னும் பெயருடைய படகுகள் 2014இல் யப்பான் அன்பளிப்பாகக் கொடுத்தவை. கடக்கப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்கு அப்பால் மின்கம்பமும் தார் வீதியும் விரைவில் அருகி, வயலும் வாய்க்காலும் தொடங்கிவிடுகின்றன. பிரதான வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கைகளில் சில இடத்தில் கிறவல், சில இடத்தில் உடைந்த செங்கல், மற்ற இடமெல்லாம் வெறும் களிமண். ஐராவதி ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து படிய வைத்த வண்டல் அது. நெல்லுக்கு உகந்த மண் சில்லுக்கு உகந்ததாய் இருப்பதில்லை.

மழையைக் கணக்கில் எடுக்காமல் அங்கே சைக்கிளைப் பற்றிப் பேச முடியாது. யாங்கோனில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீற்றர் மழை. யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. அதுவும் மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் வரையுள்ள ஐந்தரை மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நம் ஊரில் சுண்ணாம்புக்கல் நிலம். பெய்த மழை கீழே இறங்கிவிடும். மாரியில் இரண்டு நாள் வெள்ளம் நின்றாலும் மூன்றாம் நாள் சைக்கிள் ஓடும். தலாவில் தண்ணீர் இறங்குவதற்கு இடமில்லை. ஒழுங்கை அரை ஆண்டு ஈரமாகவே கிடக்கும். மீதி அரை ஆண்டில் அதே சேறு மாட்டுவண்டித் தடத்தோடு இறுகிக் கல்லாகும்.

இனி அந்த இருபத்தொரு கியர் வண்டியை இவ்வொழுங்கையில் இறக்கிப் பார்ப்போம். நிலம் சமதரை. ஏற்றமென்று சொல்லத்தக்கது நகரிலே சுவேடகோன் நிற்கும் குன்று ஒன்றுதான்; துணிக்கடைக்குப் போகும் பெண் தினமும் அதில் ஏறப் போவதில்லை. எனவே கியருக்கு வேலையில்லை. வேலையில்லாத அந்தக் கியர்ப்பொறி பின்சில்லின் அருகே, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், களிமண்ணைத் தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருக்கும். மண்ணும் வைக்கோலும் அதில் சுற்றிக்கொண்டால் செயின் அறும். அன்றேல் பொறி வளைந்து கம்பிகளுக்குள் போய்ச் சிக்கும். சுருள்வில் வைத்த மலிவான போர்க் இரண்டு மழைக்காலத்தில் துருவேறி அசையாமல் நின்றுவிடும். அதன் பிறகு அது வெறும் சுமை. தட்டுப் பிறேக் ஈரத்திலும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆயின் அதன் தேய்கட்டை பெரிய கடைகளில் கிடைக்கும் சாமான். தேய்ந்த அன்று அதைத் தேடி ஆறு கடக்க வேண்டும். இத்தகைய வண்டிகளுக்குப் பெரும்பாலும் மட்காட் இராது. கடைக்குள் நுழையும் பெண் முதுகு நிறையச் சேற்றுப் புள்ளிகளோடு நுழைந்தால் அவளை எந்த முதலாளி துணி எடுத்துக் காட்ட விடுவார்?

கரடுமுரடான வழிக்கென்று செய்தது என்ற கூற்றில் பொய்யில்லை. விடுமுறை நாளில் காட்டு வழியில் ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் கழுவி, ஆண்டுக்கொரு முறை கடையில் கொடுத்துப் பராமரிக்கிறவருடைய கரடுமுரடு அது. ஆண்டில் முந்நூறு நாள் ஓடவேண்டிய வண்டியின் கரடுமுரடு வேறு.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. 1990இலிருந்து 1995 வரை பொருளாதாரத் தடைக்குள் இருந்தபோது பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, மின்கலமுங்கூட இல்லை. குடாநாட்டைச் சுமந்து சென்றது சைக்கிள். நோயாளியும் பிணமும் விறகும் மணப்பெண்ணும் அதிலேதான் போனார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேராவது சைக்கிளில் வந்தவர்கள். ஒன்றில் இருவர், சிலவேளை மூவர்.

அத்தனை சைக்கிள்களும் எவ்வாறு ஐந்து ஆண்டுகள் ஓடின என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டியது. சந்திக்குச் சந்தி ஒரு திருத்துநர் இருந்தார் என்பது பாதி விடை. மற்றப் பாதி, அவரிடம் வந்த வண்டிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பு என்பது. நொட்டிங்ஹாமில் செய்த றலி, அதன் கூட்டாளியான ஹம்பர், சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய தொழிற்சாலையின் ஹெர்குலிஸ், 1956 முதல் லூதியானாவிலிருந்து வரும் ஹீரோ, நம் நாட்டிலேயே செய்த லுமாலா என்று பெயர்கள் பலவாயினும் அச்சும் போள்ஸும் கம்பியும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றுக்கு மாட்டக் கூடியவை. செத்த வண்டி ஒன்று மூன்று வண்டிகளுக்கு உயிர் கொடுத்தது. சீனாவிலும் இதுவே நடந்தது. தியென்சின் நகரில் 1950இல் செய்யத் தொடங்கிய 'பறக்கும் புறா' என்னும் புகழ்பெற்ற சைக்கிள், 1932ஆம் ஆண்டு றலி வண்டியொன்றைப் பார்த்து வார்க்கப்பட்டது. அவ்வாறு பார்த்தால் பீக்கிங் தெருக்களை நிறைத்த வண்டியும் பருத்தித்துறை வீதியில் நாம் ஓட்டிய வண்டியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆகவே வாசகருக்கு நான் சொல்லும் முதற் புத்தி இது: கடையைப் பார்க்கும் முன் திருத்துநரைப் பாருங்கள். அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் இடையில் சைக்கா ஓட்டிகள் தங்கள் வண்டியை எங்கே திருத்துகிறார்கள் என்று அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்று ஆட்களின் பாரத்தை நாள் முழுவதும் சுமக்கும் வண்டியைத் திருத்துகிறவருக்குச் சில்லின் கோட்டம் எடுக்கவும் போர்க் நிமிர்த்தவும் கம்பி கட்டவும் கைவந்திருக்கும். அவருடைய மேசையில் எந்த அளவு ரியூப், எந்த அளவு ரயர் தொங்குகின்றனவோ அந்த அளவு சைக்கிளையே வாங்க வேண்டும். தொங்காத அளவு எவ்வளவு உயர்ந்த வண்டியாயினும் அந்த ஒழுங்கைக்கு ஆகாது.

அளவு என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இதில் ஏமாந்தவர்கள் பலர். '26' என்று ரயரில் எழுதியிருந்தால் எல்லா 26உம் ஒன்றல்ல. 26×1⅜ என்பது யப்பானிய வண்டிகளிலும் ஆங்கிலேயப் பெண்கள் வண்டிகளிலும் உள்ளது; அதன் றிம் விட்டம் 590 மில்லிமீற்றர். இந்திய வண்டிகள் சிலவற்றில் உள்ள 26×1½ என்பதற்கு 584. மலைச் சைக்கிளின் 26×2 போன்றவற்றுக்கு 559. ஒன்றுக்குரிய ரயர் மற்றொன்றில் ஏறாது, ஏறினாலும் நில்லாது. நம்முடைய பழைய பெரிய சைக்கிளின் 28×1½க்கு 635. ரயரின் பக்கச் சுவரில் 37-590 அல்லது 40-635 என்பது போல் இரண்டு எண்கள் புடைத்திருக்கும். இரண்டாவது எண்தான் றிம்மின் விட்டம். தொலைவிலிருந்து பணம் அனுப்புகிறவர் "இருபத்தாறு" என்று சொல்லி முடிக்காமல், திருத்துநரிடம் உள்ள ரயரின் இந்த எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

அன்பளிப்பாய் வந்த சைக்கிள்கள் பற்றியும் மியன்மாரில் ஓர் அனுபவம் உண்டு. தெருவில் எடுத்து ஓட்டித் தெருவிலேயே விட்டுவிடும் வாடகைச் சைக்கிள்கள் சிங்கப்பூரில் சில ஆண்டு பெருகிக் கிடந்தன. 2018 யூன் மாதம் 'ஓபைக்' என்னும் நிறுவனம் அங்கே தொழிலை மூடியது. வேறு நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. கேட்பாரற்ற வண்டிகள் குவிந்தன. மைக் தான் துன் வின் என்ற மியன்மார் தொழில்முனைவர் 2019இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இவ்வாறான ஏறத்தாழ 10,000 வண்டிகளை வாங்கிக் கப்பலில் யாங்கோனுக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகளுக்கு 'லெஸ்வோக்' என்ற திட்டத்தின் கீழ்ப் பகிர்ந்தார். வரவேற்கத்தக்க செயல். அதில் என்னைக் கவர்ந்தது ஒரு சிறிய விடயம். வண்டிகளை வந்தபடியே கொடுத்துவிடவில்லை. கைத்தொலைபேசியால் திறக்கும் மின்பூட்டைக் கழற்றிச் சாதாரணப் பூட்டுப் போட்டார்கள். தம்பியையோ தோழியையோ ஏற்றிச் செல்வதற்காகப் பின்னால் ஓர் ஆசனமும் பொருத்தினார்கள். சிங்கப்பூர் நடைபாதையில் ஒருவர் தனியே ஓட்டிய வண்டி மியன்மார்க் கிராமத்தில் இருவரைச் சுமக்கும் என்பதை உணர்ந்தவர் செய்த வேலை அது.

ஆயினும் அவ்வகை வண்டி ஒன்று மலிவாய் அகப்பட்டால் நம் வாசகரின் உறவினர் வாங்கலாமா என்றால், வாங்கவேண்டாம் என்றே சொல்வேன். வாடகைச் சைக்கிள்களில் பலவற்றுக்குக் காற்றடிக்காத திண்ம ரயர். பஞ்சர் ஆகாது என்பது பெரிய வரம் போல் தோன்றும். செங்கல் துண்டு நிறைந்த ஒழுங்கையில் அந்த ரயர் ஒவ்வோர் அடியையும் கம்பிக்கும் முதுகெலும்புக்கும் நேரே அனுப்பிவிடும். தேய்ந்தால் மாற்றுவதற்கு ஊர்க்கடையில் அதன் இணை கிடையாது. திருடர் கழற்றாதபடி வேறு வகை ஆணிகளை இட்டிருப்பார்கள். திருடருக்குத் திறவாதது திருத்துநருக்கும் திறவாது.

அப்படியாயின் எது? என் தெரிவு, யாங்கோனில் ஏராளமாய் விற்பனையாகும் பழைய யப்பானிய வீட்டுச் சைக்கிள். யப்பானில் தாய்மார் சந்தைக்கும் பாலர் பள்ளிக்கும் ஓட்டும் வண்டி. அழகென்று சொல்ல முடியாது. இளவயதுப் பெண் முதலில் முகம் சுளிக்கவுங்கூடும். ஆனால் அவளுக்கு வேண்டியதெல்லாம் அதில் முன்பே இருக்கிறது. இரு சில்லுக்கும் மட்காட், முழுச் செயினையும் மூடும் உறை, முன்னால் கூடை, பின்னால் கரியர், இரட்டைக்கால் ஸ்ராண்ட், பின்சில்லோடு பொருந்திய வளையப் பூட்டு, டைனமோ விளக்கு. குறுக்குப் பார் தாழ்ந்திருக்கும். பர்மியப் பெண்கள் அணியும் தமெயின், நம் பெண்களின் சேலையைப் போலவே, காலை உயர்த்திப் போட்டு ஏற இடந்தராது. செயின் உறை இல்லாவிட்டால் அதன் ஓரம் ஒரு வாரத்தில் கிழியும்.

பிறேக்கைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும், உயிர் அதில் தங்கியிருக்கிறபடியால். பளபளக்கும் குரோம் பூசிய இரும்பு றிம்மில் றப்பர்க் கட்டை பிடிக்கும் பிறேக், காய்ந்த நாளில் நன்று. மழையில் நனைந்துவிட்டால் பல யார் தூரம் வழுக்கிய பின்னரே பிடிக்கும். நாம் எல்லோரும் மாரியில் செருப்பைத் தரையில் தேய்த்து நின்றவர்கள்தாமே. அலுமினிய றிம்மில் அதே கட்டை ஈரத்திலும் ஓரளவு பிடிக்கும். யப்பானிய வண்டியின் பின்பிறேக் றிம்மைப் பிடிப்பதில்லை. அச்சருகே ஒரு சிறு உருளையைப் பட்டி சுற்றி இறுக்குகிறது. கீச்சிடும், அயலை எழுப்பும். ஆனால் சேறும் தண்ணீரும் அதை எளிதில் அடைவதில்லை. ஆகையால் வாங்கும்போது முன்சில்லில் அலுமினிய றிம், பின்சில்லில் இந்தப் பட்டிப் பிறேக், இவ்விரண்டும் உள்ள வண்டியைத் தேடச் சொல்லுங்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். அதன் ரயர் 1⅜ அங்குலந்தான். காற்றுக் குறைந்த நிலையில் செங்கல் விளிம்பில் ஏறினால் ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு துளை விழும். வாரம் ஒருமுறை காற்றை இறுக்கமாய் அடிப்பதே பரிகாரம். கையால் அடிக்கும் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். பின்சில்லுக் கம்பிகள் யப்பானியத் தார் வீதிக்குக் கணக்கிட்டவை. கரியரில் அரிசி மூட்டையோ ஆளோ ஏறுமாயின் ஒவ்வொன்றாய் அறும். வாங்கியவுடனேயே பின்சில்லைத் தடித்த கம்பியில் கட்டிவிடுவது பின்னால் வரும் பல செலவைத் தடுக்கும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இல்லையேல் களிமண் அடைந்து சில்லுச் சுற்றாது. மட்காட்டின் தாங்கிகளைச் சற்று வெளியே இழுத்து முடுக்கினால் இடம் கிடைக்கும். எதிர்க்காற்றில் பெடல் பாரமாயிருந்தால் கியர் தேடிப் போகவேண்டாம். பின்னாலுள்ள பிறீவீலைப் பல்லு கூடியதாக மாற்றினால் போதும். வேகம் சிறிது குறையும். சேற்றில் கால் நோகாது.

வண்டியைத் தேர்கையில் பூச்சைப் பார்க்க வேண்டாம். சில்லைத் தூக்கிச் சுற்றிக் காதை வைத்துக் கேட்கட்டும். பெடலைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கட்டும். நடு அச்சு ஆடினால் உள்ளே நீர் போயிருக்கிறது. முன்போர்க் தொடங்கும் கழுத்தடியில் பூச்சு வெடித்திருந்தால் எங்கோ மோதிய வண்டி என்று விட்டுவிடலாம்.

எல்லோருக்கும் இதே வண்டிதான் என்று கொள்ளலாகாது. உயரமான ஆணுக்கும், நாள்தோறும் நெல்லோ விறகோ ஏற்றுகிறவருக்கும் 28 அங்குலப் பெரிய சைக்கிளே ஏற்றது. உயர்ந்த சில்லு பள்ளத்தில் விழாமல் தாண்டும். கனத்த சட்டம் பாரத்துக்கு நெளியாது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நாம் நடந்த இரவில், ஏறி ஓட்டுவதற்கு எவருக்கும் இடமிருக்கவில்லை. பாரில் மூட்டை, கரியரில் கிழவி, ஹாண்டிலில் பானை என்று தள்ளிக்கொண்டே போனோம். அந்தப் பாரத்துக்குப் பட்டு முறிந்த சட்டத்தை நான் காணவில்லை.

பெண்ணுக்குப் பெண்கள் சைக்கிள் என்பதும் மாறாத விதியன்று. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்கள் பலர் அதையே விரும்பினார்கள். காரணம், சீற்றுக்கும் ஹாண்டிலுக்கும் இடையிலுள்ள அந்தப் பாரில் பிள்ளையை உட்கார்த்திக்கொண்டு போகலாம். வெளியிலிருந்து எவர் யோசித்திருந்தாலும் இது தோன்றியிராது. பீகாரில் 2006இல் உயர்நிலைப் பள்ளிச் சிறுமிகளுக்குச் சைக்கிள் கொடுத்தபோது வண்டியாய்க் கொடாமல், வாங்குவதற்குப் பணமாய்க் கொடுத்தார்கள். உரிய வயதில் அவ்வகுப்புகளில் சேர்ந்த சிறுமிகள் தொகை 32 வீதம் உயர்ந்தது என்று பின்னர் ஆய்வு செய்தோர் கண்டனர். பணம் பிள்ளையின் கைக்குப் போனால் அது வேறு வழியில் செலவாகிவிடும் என்று அஞ்சுகிற நம்மவர் அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

இது நம் வாசகரின் மனத்தையும் சிறிது தொடக்கூடிய இடம். தொலைவிலிருந்து கொடுக்கும்போது கொடுப்பவனுடைய கண்ணுக்கு நல்லதாய்ப் படுவதை வாங்கவே கை போகிறது. படம் எடுத்து அனுப்பினால் பளபளவென்று இருக்கவேண்டும். சுற்றத்தார் பார்த்து மெச்சவேண்டும். பழைய யப்பானிய வண்டியின் படத்தைக் கண்டால், இதற்கா இவ்வளவு காசு அனுப்பினீர்கள் என்று வீட்டிலேயே கேட்பார்கள். கேட்கட்டும். படகுத்துறையில் நாள் முழுவதும் நிறுத்தப்படும் வண்டி பளபளவென்று இருப்பதில் இன்னோர் இடரும் உண்டு. மாலையில் திரும்பி வரும்போது அது அங்கே இருக்கவேண்டும். துறையருகே காசுக்கு வண்டி காக்கும் இடத்தில் விட்டாலும், வளையப் பூட்டோடு ஒரு சங்கிலிப் பூட்டும் போட்டுத் தூணோடு பிணைப்பது நன்று.

விளக்கைக் கடைசியாக வைத்தேன். ஆனால் அது கடைசியானதன்று. கடை மூடிப் படகேறி அவள் இக்கரைக்கு வரும்போது இருட்டிவிடும். மின்வெட்டு நீளும் நாளில் மூன்று மைல் ஒழுங்கையும் கரிய இருள். மோட்டார் சைக்கிள்கள் எதிரே வரும்; பள்ளத்தில் தண்ணீர் நிரம்பி வீதியோடு வீதியாய்த் தெரியும். ரயரில் உரசி ஓடும் போத்தல் டைனமோ, ரயர் சேறாகும்போது வழுக்கி அணைந்துவிடும். முன்சில்லின் ஹப்புக்குள்ளேயே அமைந்த டைனமோ யப்பானிய வண்டிகள் சிலவற்றில் உண்டு. மழையும் சேறும் அதைத் தடுப்பதில்லை. இரண்டு வண்டிகளுள் ஒன்றைத் தெரியவேண்டி வந்தால், சற்று விலை கூடினும் ஹப் டைனமோ உள்ளதையே எடுக்கச் சொல்வேன். பின்மட்காட்டில் சிவப்பு ஒளித்தெறிப்பான் உடைந்திருந்தால் அன்றே மாற்றவேண்டும்.

வாசகருக்கு எழுதிய தனி மடலில் நான் குறித்தது இவ்வளவே. புதிய மலைச் சைக்கிளுக்கென்று எடுத்துவைத்த பணத்தை முழுவதும் அனுப்புங்கள். அதில் பாதிக்குள் பழைய வண்டி வரும். மீதியில் இரண்டு புதிய ரயர், மூன்று ரியூப், ஒரு செயின், பின்சில்லுக்குத் தடித்த கம்பி, பிறேக் பட்டி ஒன்று, பம்பு, சங்கிலிப் பூட்டு, நல்ல மழையங்கி ஆகியவற்றை வாங்கச் சொல்லுங்கள். அப்போதும் ஏதாவது மிஞ்சினால் திருத்துநரிடம் முன்பணமாய்க் கொடுத்துவைக்கட்டும். காலை ஆறு மணிக்குக் காற்றுப் போனால் கடனென்று தயங்காமல் கதவைத் தட்டலாம். எல்லாவற்றுக்கும் முன், கரியரில் யாரை ஏற்றப் போகிறாள் என்று அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். தம்பிமார் இருவரையும் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் துறைக்குப் போவாளாயின் நான் மேலே சொன்னதில் பாதியை மாற்றி, பெரிய சைக்கிளையே யோசிக்க வேண்டியிருக்கும். மழை மே நடுப்பகுதியில் தொடங்கும். வண்டி ஏப்ரலில் கைக்கு வந்தால் காய்ந்த ஒழுங்கையில் ஒரு மாதம் ஓடி, ஆடுவதையும் கழல்வதையும் முடுக்கிக்கொள்ள நேரம் இருக்கும்.